தம்பி அம்மா போனில் படங்களை அழித்துவிட்டான், கூகுள் போட்டோஸிலும் காணவில்லை. 58 நாள் ஆகிறது, திரும்ப வருமா?

தண்டையார்பேட்டை சுகந்தி
ஜூன் 12, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும்.

அம்மாவும் தம்பியும் காசிமேட்டில் இருக்கிறார்கள். தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று வீட்டில் இருந்தவன், அம்மாவின் போனில் இடம் இல்லை என்று வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்திருக்கிறான். கூகுள் போட்டோஸைத் திறந்தால் பேக்கப் முடிந்தது என்று காட்டியதாம். எல்லாம் மேலே ஏறிவிட்டதே, போனில் இருப்பதை எடுத்துவிடலாம் என்று அந்த ஆப்பிலேயே விரலை வைத்து இழுத்து இழுத்து மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டான்.

அம்மாவுக்கு இது தெரியாது. அடுத்த வாரம் அப்பாவின் இரண்டாம் வருட நினைவு நாள். ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடலாம் என்று இன்று போனை வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் 15க்குப் பிறகு எடுத்த நாற்பது, ஐம்பது படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. அப்பா துறைமுகத்தில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பின்னுகிற படம் ஒன்று உண்டு. அதைத்தான் தேடினேன்.

கிளவுடில் இருந்தால் பத்திரம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பிறகு எப்படி அங்கேயும் போனது?

ராயபுரம் பாலு
ஜூன் 12, இரவு 9.26

சுகந்தி, அழித்த தேதி ஏப்ரல் 15தான் என்று உறுதியாகத் தெரியுமா? கூகுள் போட்டோஸ் ஆப்பிலிருந்தே அழித்தாரா, போனோடு வந்த கேலரியிலிருந்து அழித்தாரா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள். அதுவரை அந்த ஆப்பில் எதையும் தொட வேண்டாம்.

தண்டையார்பேட்டை சுகந்தி
ஜூன் 12, இரவு 9.31

தடைக்காலத்தின் முதல் நாள்தான், அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை அண்ணா. கூகுள் போட்டோஸ் ஆப்பிலிருந்துதான். வாட்ஸ்அப் படங்களை மட்டும் ஃபைல் மேனேஜரில் போய் அழித்தானாம்.

ராயபுரம் பாலு
ஜூன் 12, இரவு 9.52

அப்படியானால் நேரம் இருக்கிறது, ஆனால் ரொம்பக் குறைவு. பேக்கப் ஆன படத்தைக் கூகுள் போட்டோஸில் அழித்தால் அது ட்ராஷுக்குப் போய் 60 நாள் இருக்கும். இன்றோடு 58 நாள். உங்கள் தம்பிக்குத் தடைக்காலம் 61 நாள், உங்கள் படங்களுக்கு 60 நாள். படகு கிளம்பும் முன்பே இந்தக் கணக்கு முடிந்துவிடும். நாளைக்கு என்று வைக்காதீர்கள், முடிந்தால் இன்று இரவே பாருங்கள்.

அம்மாவின் போனில் கூகுள் போட்டோஸ் திறந்து, கலெக்‌ஷன்ஸ் பகுதியில் ட்ராஷ் என்று இருக்கும், சில போனில் பின் (Bin) என்று இருக்கும். உள்ளே போனால் அழித்த படங்கள் தெரியும். ஒரு படத்தில் விரலை அழுத்தி வைத்துத் தேர்ந்தெடுத்து, அப்படியே மற்றதையும் சேர்த்து, ரீஸ்டோர் கொடுங்கள். அங்கேயே ட்ராஷைக் காலி செய்யும் பட்டனும் இருக்கும். அதில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போனால் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

கிளவுடிலும் எப்படிப் போனது என்று கேட்டீர்கள். என் கடைக்கு மாதம் நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாம் அதைப் பேக்கப் என்று நினைக்கிறோம், பீரோவில் வைத்த இன்னொரு பிரதி மாதிரி. பேக்கப் ஆன பிறகு அந்த ஆப் நமக்குக் காட்டுவது ஒரே படத்தைத்தான். போனில் இருப்பதும் கூகுளில் இருப்பதும் அதற்கு ஒன்றுதான். அங்கே டெலீட் கொடுத்தால் இரண்டு இடத்திலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதற்கென்றே தனி வழி இருக்கிறது. மேலே வலது மூலையில் நம் கணக்கின் வட்டப் படத்தைத் தொட்டால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று வரும். அது மேலே ஏறிய படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். உங்கள் தம்பி நினைத்தது தப்பே இல்லை, அதைச் செய்யும் பட்டன் வேறு, அவ்வளவுதான். அவரைத் திட்டாதீர்கள்.

அப்புறம், ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன், மூவாயிரம் கொடு என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். இப்போது வரும் போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக இருக்கும். பழைய மெமரி கார்டில் எடுத்த மாதிரி இதில் எடுக்க முடியாது.

எண்ணூர் கார்த்திக்
ஜூன் 12, இரவு 10.20

அக்கா, முதலில் படம் கிடைக்க வேண்டும். கிடைத்த பிறகு என் கதையையும் மனதில் வையுங்கள்.

கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்று இருந்தது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றுபோனது. அதன் பிறகு ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும், ஜிமெயிலும் டிரைவும் அதே 15 ஜிபிக்குள்தான். மாதாமாதம் யார் காசு கட்டுவது என்று நான் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் இறக்கி, கூகுளில் இருந்ததை நானே உட்கார்ந்து அழித்தேன். அந்த ஜூன் 1க்கு முன்னால் சுருக்கிய தரத்தில் ஏற்றியது கணக்கிலேயே சேராது, அப்படியே விட்டிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கொசஸ்தலை ஆற்றோடு, ஆலையிலிருந்து கசிந்த எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. ஹார்ட் டிஸ்க் மர பீரோவின் கீழ்த் தட்டில், துணிக்கு அடியில் இருந்தது. பத்திரமான இடம் என்று அம்மா வைத்தது. மூன்று நாள் கழித்துப் பீரோவைத் திறந்தபோது அந்தத் தட்டில் இருந்த புடவையெல்லாம் கறுப்பு. டிஸ்க்கைத் துடைத்து, காய வைத்து, அவசரப்பட்டு லேப்டாப்பில் செருகினேன். டிக், டிக், டிக் என்று மூன்று முறை சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது, அப்படியே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. என் மகளின் முதல் இரண்டு வருடம் அதில் இருந்தது.

கிளவுடை மட்டும் நம்பாதே, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பாதே என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் குறிப்பாகவே சொல்கிறேன்: எண்ணூர், எர்ணாவூர், மணலி புதுநகர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, இங்கெல்லாம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குள் மட்டும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

மணலி புதுநகர் சண்முகம்
ஜூன் 13, காலை 6.05

சுகந்தி அம்மா, படங்கள் கிடைத்ததா?

நான் வயதானவன். என் அபிப்பிராயம் வேறு. முக்கியமான நூறு படத்தை எடுத்து நல்ல தாளில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைத்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். என் கல்யாண ஆல்பம் 1981இல் போட்டது, இன்றும் பேரன் எடுத்துப் பார்க்கிறான். யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் நம் வீட்டுப் பெண் குழந்தைகளின் படத்தை ஏற்றிவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

வியாசர்பாடி நிஷா
ஜூன் 13, காலை 7.40

சண்முகம் ஐயா, பிரிண்ட் போடுவதில் நானும் உங்கள் கட்சி. கல்யாணம், காதுகுத்து படம் எடுப்பதுதான் என் தொழில். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் எத்தனை ஆல்பம் மாடியில் காயப் போட்டார்கள் என்று நான் பார்த்தேன். ஈரமான படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் மட்டும் உரிந்து எதிர்ப் படத்தோடு போகும். இதைப் படிக்கிறவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன்: ஒட்டிப்போன படங்களைக் காய்ந்த பிறகு பிரிக்கவே கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாக இளகும்போது மெதுவாகப் பிரித்து, படம் இருக்கிற பக்கம் மேலே பார்க்க நிழலில் காய வைக்க வேண்டும்.

நம்பிக்கை விஷயத்தில் ஐயா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 2021இல் அமெரிக்காவில் ஒரு தகப்பனார், குழந்தையின் உடம்பில் இருந்த வீக்கத்தை டாக்டருக்கு அனுப்பப் படம் எடுத்தார். அது தானாகக் கூகுளில் ஏறியது. அங்கிருக்கும் இயந்திரச் சோதனை அதைக் குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படம் என்று பிடித்து, அவருடைய கணக்கையே மூடிவிட்டார்கள். அவர் தப்பு செய்யவில்லை என்று போலீஸ் சொல்லியும் கணக்கு திரும்பவில்லை. 2022இல் செய்தியாக வந்தது. பத்து வருடப் படங்கள், மெயில், போன் நம்பர் எல்லாம் அதோடு போனது. அதனால் கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கிளவுட் ஒரு பிரதி, ஒரே பிரதி இல்லை.

எங்கள் தொழிலில் 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். நான் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்தால் கார்டிலிருந்து லேப்டாப், லேப்டாப்பிலிருந்து ஹார்ட் டிஸ்க், அன்று இரவே கிளவுட். மூன்றும் முடியும்வரை கார்டை ஃபார்மேட் செய்ய மாட்டேன். வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். போன், கிளவுட், அப்புறம் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு டிஸ்க். போதும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஐகிளவுட் போட்டோஸ் ஆன் செய்திருந்தால் போனில் அழிப்பது எல்லா இடத்திலும் அழியும். அங்கே 30 நாள்தான் ரீசன்ட்லி டெலீட்டடில் இருக்கும், 60 இல்லை. இலவசமாக 5 ஜிபிதான். ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ் ஆனில் இருந்தால் போனில் இருப்பது பாதி சின்னப் பிரதிகள், ஒரிஜினல் மேலேதான். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு கணக்கை ரத்து செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை சுகந்தி
ஜூன் 13, காலை 9.15

கிடைத்தது! கிடைத்துவிட்டது!

இரவே தம்பிக்குப் போன் செய்தேன். டீசல் போடுவது, ஐஸ் ஏற்றுவது என்று படகு வேலையில் இருந்தான். இதைத் தொடப் பயமாக இருக்கிறது, நீயே வா என்றான். காலை ஐந்தரைக்குப் போய், அம்மா டீ போடப் போன நேரத்தில் ட்ராஷைத் திறந்தேன். எல்லாம் வரிசையாக இருந்தது. கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. நூறு நூறாகத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தேன். மொத்தம் 2,316. அப்பா வலை பின்னுகிற படமும் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் தம்பி வெளியே போய் நின்றுகொண்டான்.

பாலு அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று வரவில்லை. அப்பா படகில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிற ஒரு வீடியோ. அவர் குரல் இருப்பது அந்த ஒன்றில்தான். அத்தை மகன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. ட்ராஷில் இல்லை. கூகுள் போட்டோஸ் எல்லாவற்றையும் ஏற்றும் என்றுதானே இருந்தேன்?

ராயபுரம் பாலு
ஜூன் 13, காலை 9.50

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. காலையில் கடை திறந்ததும் முதலில் இதைத்தான் பார்த்தேன்.

வீடியோ வராத காரணம் இது. கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றுவது கேமராவில் எடுத்ததை மட்டும். வாட்ஸ்அப்பில் வந்தது, ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் எல்லாம் தனித்தனி ஃபோல்டர். பேக்கப் செட்டிங்கில் டிவைஸ் ஃபோல்டர்ஸ் என்ற இடத்தில் ஒவ்வொன்றாக ஆன் செய்தால்தான் ஏறும். பெரியவர்கள் போனில் முக்கியமான படம் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்ததுதான். பேரக்குழந்தையை அவர்களா படம் எடுக்கிறார்கள்? மகள் எடுத்து அனுப்புகிறாள். அந்த ஃபோல்டரை அப்படியே ஆன் செய்தால் காலை வணக்கம் பூப் படமும் அரசியல் வீடியோவும் சேர்ந்து 15 ஜிபியை நிரப்பிவிடும். அதனால் வேண்டியதை மட்டும் ஓர் ஆல்பத்தில் எடுத்துவைத்து ஏற்றுவது நல்லது.

ஃபைல் மேனேஜரில் அழித்து 58 நாள் ஆனதால் அம்மா போனில் அது இருக்க வாய்ப்பில்லை. சாட்டில் அந்த வீடியோவைத் தொட்டால் மறுபடி இறங்குமா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் அனுப்பியவர் போனிலும், அந்தக் குரூப்பில் இருந்த மற்றவர்கள் போனிலும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் தொலைந்தது முக்கால்வாசி அடுத்தவர் போனில்தான் கிடைக்கும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு இன்னொன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைஃபை இருக்காது, தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி டேட்டாதான். ஆனால் பேக்கப் வைஃபை வந்தால் மட்டும் என்று இருக்கும். ஆப்பைத் திறந்தால் மேலே சின்னதாக வைஃபைக்குக் காத்திருப்பதாக எழுதியிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், போன் உடைந்து என்னிடம் வந்தாள். பேக்கப் ஆன் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது என்றாள். பார்த்தால் ஒரு படம்கூட ஏறவில்லை. மொபைல் டேட்டாவில் ஏறட்டும் என்று மாற்றி, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவும் வைக்கலாம். இரவு படுக்கும் முன் மிச்சமிருக்கும் டேட்டாவில் ஆப்பைத் திறந்து சார்ஜில் போட்டுவிட்டால் ஏறிக்கொண்டிருக்கும்.

எண்ணூர் கார்த்திக்
ஜூன் 13, மதியம் 1.30

பாலு அண்ணா, 15 ஜிபி எத்தனை படத்துக்கு வரும்? மாமியாரும் இதைத்தான் கேட்கிறார்.

ராயபுரம் பாலு
ஜூன் 13, மதியம் 2.10

ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால் சுமார் 3,750 படம். வீடியோ எடுத்தால் இந்தக் கணக்கே நிற்காது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் சாட் பேக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபியில்தான் சேர்கிறது. அதில் வீடியோவைச் சேர்க்காதே என்று வைத்தாலே நிறைய இடம் மிச்சமாகும். ஸ்டோரேஜ் சேவர் தரம் வையுங்கள், நீங்கள் சொன்ன அந்தச் சுருக்கிய தரம்தான். 16 மெகாபிக்சல் வரை படத்தின் நீள அகலத்தைக் குறைக்காது, சாதாரணப் பிரிண்டுக்குத் தாராளம். நான் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் கட்டுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் பகிர்ந்துகொள்கிறோம்.

மணலி புதுநகர் சண்முகம்
ஜூன் 13, மாலை 4.45

அம்மா சுகந்தி, அப்பாவின் படம் கிடைத்ததில் மனது நிறைந்தது. நிஷா சொன்னதை யோசித்தேன். ஆல்பமும் இருக்கட்டும், மேலேயும் ஒன்று இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். என் மனைவியின் பழைய போனில் படங்கள் ஏறியிருக்கின்றன என்று மகன் சொல்கிறான். அவள் போய் ஒன்றரை வருடம். போன் ஆன் ஆகவில்லை. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எங்கள் யாருக்கும் தெரியாது. போன் வாங்கிய கடையில் ஒரு பையன்தான் மெயில் ஐடி போட்டுக் கொடுத்தான்.

ராயபுரம் பாலு
ஜூன் 13, மாலை 5.30

ஐயா, இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்று விதி இருக்கிறது. உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சிம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் உடனே ரீசார்ஜ் செய்துவிடுங்கள். ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் ஓடிபி அவருக்குத்தான் போகும். போனைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் பேட்டரியோ சார்ஜிங் பின்னோதான் போயிருக்கும். அது ஒருமுறை ஆன் ஆகி, ஸ்கிரீன் லாக்கும் தெரிந்தால், கணக்கு ஏற்கெனவே உள்ளேதான் இருக்கும், பாஸ்வேர்டே தேவைப்படாது. எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்.

கடையில் மெயில் ஐடி போட்டுத் தருகிற எங்கள் ஆட்களுக்கும் சொல்கிறேன், பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். நான் இப்போது அதைச் செய்கிறேன். ரேஷன் கார்டு வைக்கும் கவரில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்தக் கவர் மட்டும்தான் எந்த வீட்டிலும் தொலைவதில்லை. இரண்டாம் கட்டச் சோதனை ஆன் செய்திருந்தால் பேக்கப் கோடு என்று பத்து எண்கள் தருவார்கள், அதையும் எழுதி அதிலேயே வையுங்கள்.

வியாசர்பாடி நிஷா
ஜூன் 13, மாலை 6.20

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கூகுளில் இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஒரு வசதி இருக்கிறது. இத்தனை மாதம் நான் உள்ளே வரவில்லை என்றால் இன்னாருக்கு என் படங்களைக் கொடு என்று நாமே எழுதிவைக்கலாம். ஆப்பிளில் லெகசி கான்டாக்ட். பத்து நிமிட வேலை. எங்கள் அம்மாவுக்கு நேற்று இரவுதான் போட்டேன், இந்த இழையைப் படித்துவிட்டு.

சுகந்தி அக்கா, கிடைத்த 2,316 படத்தையும் கூகுள் டேக்அவுட் வழியாக ஒருமுறை இறக்கிவிடுங்கள். ஜிப் ஃபைல்களாக வரும், அந்த லிங்க் ஒரு வாரம்தான் இருக்கும். உள்ளே படத்தோடு ஜேசன் என்று சின்னச் சின்ன ஃபைல்கள் வரும், குப்பை என்று அழிக்காதீர்கள், எடுத்த தேதியும் இடமும் அதிலும் இருக்கும். இறக்கிய பிறகு ஜிப்பைப் பிரித்து நாலைந்து படத்தையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

தண்டையார்பேட்டை சுகந்தி
ஜூன் 14, இரவு 10.40

சாட்டில் தொட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. அத்தை மகன் போன் மாற்றிவிட்டான், அவனிடமும் இல்லை. குரூப்பில் கேட்டேன், ஒவ்வொருவராகத் தேடி இல்லை இல்லை என்றார்கள். மதியம் திருவொற்றியூர் அத்தை போன் செய்து, என் போனில் எதையும் நான் அழித்ததே இல்லை, நீயே வந்து பார் என்றார்.

மெட்ரோவில் தேரடியில் இறங்கி நடந்தேன். அத்தை போனில் வாட்ஸ்அப் வீடியோ மட்டும் ஆயிரத்துக்கு மேல். தேதி தெரியாததால் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றரை மணி நேரம். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட லுங்கியை முதலில் பார்த்தது அத்தைதான்.

1 நிமிடம் 12 விநாடி. மறுபடி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் சுருங்கிவிடும் என்று பக்கத்தில் வைத்து குவிக் ஷேரில் வாங்கிக்கொண்டேன். அத்தை போனிலிருந்து அழிக்கவில்லை. அங்கே ஒன்று, என் போனில் ஒன்று, கூகுளில் ஒன்று. நாளை பென் டிரைவ் வாங்கி நான்காவதை அத்தை வீட்டுப் பீரோவில் வைப்பேன், அவர் இருப்பது இரண்டாம் மாடி.

தம்பிக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நேராகக் காசிமேடு போனேன். நள்ளிரவுக்குத் தயாராகப் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தான். இன்ஜின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, போனைக் காதோடு வைத்துக் கேட்டான். இன்னொரு தடவை போடு என்றான்.